சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினியின் பாகங்களை மட்டும் மாற்றுவதா, புதிதாகக் கணினி வாங்குவதா என்ற கேள்வி அதிலிருந்து பல வீடுகளில் எழுந்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த போர்டைப் போட்டுக்குங்க, நாலு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்திக்கலாம்." கணினியின் மூளையான பிராசசரும் மற்ற பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகைதான் மதர்போர்டு. சில மதர்போர்டுகளுக்கு இது உண்மை, பலவற்றுக்குப் பொய். இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

போர்டில் பிராசசர் பொருந்தும் இடமான சாக்கெட் ஒன்றாக இருந்தால் பிராசசரும் வேலை செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். இன்டெல்லின் 1151 சாக்கெட்டைப் பாருங்கள். 6, 7-ஆம் தலைமுறை பிராசசர்கள் அதில் ஓடின. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறையிலும் அதே 1151 தொடுமுனைகள்தான், உருவமும் அதேதான். ஆனால் மின்சாரம் செல்லும் முனைகளின் ஒதுக்கீட்டை மாற்றிவிட்டார்கள். அதனால் 100, 200 வரிசை போர்டுகள் அதை ஏற்கவில்லை, 300 வரிசை போர்டு தனியாக வாங்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த 1200 சாக்கெட்டில் 10, 11 ஆகிய இரண்டு தலைமுறைகள் உண்டு. ஆனால் எச்410, பி460 சிப்செட்டுகளுக்கு (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) 11-ஆம் தலைமுறை ஆதரவை இன்டெல் தரவில்லை. பிறகு அதே சிப்செட் பெயரிலேயே, உள்ளே வேறு சிப் வைத்த புதிய பதிப்புப் போர்டுகளும் வெளியாகின. இதனால்தான் போர்டின் பெயரோடு அதன் மூலையில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேர்மாறான உதாரணம் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4. 2017-இல் ரைசன் 1000 வரிசை பிராசசர்களோடு கடைக்கு வந்த அந்த சாக்கெட்டில் 2000, 3000, 5000 வரிசைகள் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் அது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 5000 வரிசை பிராசசர்கள் 500 வரிசை சிப்செட் கொண்ட போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று 2020 மே மாதம் நிறுவனம் அறிவித்தது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் பதிந்திருக்கும் சிப்பின் கொள்ளளவைக் காரணமாகச் சொன்னார்கள். பழைய போர்டுகள் பலவற்றில் அது 16 எம்பி மட்டுமே. ஒவ்வொரு தலைமுறை பிராசசருக்கும் தனி நிரல் தேவைப்படுவதால் எல்லாவற்றுக்கும் அதில் இடம் போதாது. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு சில நாட்களிலேயே 400 வரிசைக்கு இசைந்தார்கள். 300 வரிசை போர்டு வைத்திருந்தவர்களோ 2022 வரை காத்திருந்தார்கள். கொள்ளளவு பற்றிய அந்தக் காரணம் முழுப் பொய்யும் அல்ல. இடம் பிடிக்கச் சில போர்டுகளின் புதிய பயாஸில் ஆரம்பகால பிராசசர்களுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. புதுப்பித்த பிறகு பழைய பிராசசரைத் திரும்பப் பொருத்தினால் திரை வராது.

300 வரிசையைச் சேர்ந்த பி350, ஏ320 போர்டில் ரைசன் 1000 வைத்திருப்பவர்கள் கணினியைத் தூக்கிப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும். ரைசன் 1000, விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. 5000 வரிசையில் ஆறு கோர் கொண்ட 65 வாட் ரைசன் 5 5600 அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரேம், கேபினெட், பவர் சப்ளை எல்லாம் அப்படியே இருக்க, பிராசசரை மட்டும் மாற்றலாம். ஆனால் கீழே சொல்லும் படிகளை ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும்.

முதலில் விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து போர்டின் முழுப் பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே குறைந்தபட்ச பயாஸ் எண் தரப்பட்டிருக்கும். வாங்க நினைக்கும் பிராசசர் அதில் இல்லை என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மிகப் பழைய பயாஸிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாத போர்டுகளும் உண்டு. இடையில் எந்தப் பதிப்பை ஏற்ற வேண்டும் என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள், பலர் அதைப் படிப்பதில்லை. பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், யுபிஎஸ் இல்லாமல் தொடங்கக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் பல போர்டுகள் அதன்பின் எழுந்திருக்காது.

அதற்கும் முன்னால், வட்டில் உள்ள கோப்புகளைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இந்த போர்டுகளில் டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதி பெரும்பாலும் பிராசசரைச் சார்ந்தே இயங்குகிறது. பிராசசர் மாறியதும் டிபிஎம்மில் இருப்பதை அழித்துப் புதிதாகத் தொடங்கலாமா என்று திரையில் கேட்கும். சாவி கையில் இல்லாமல் 'ஒய்' அழுத்தியவர்கள் தங்கள் கோப்புகளை இழக்க நேரிடும்.

பிராசசரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெல்ல இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். இன்னொன்று: 5600-இல் திரைக்குக் காட்சியை அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய 2200ஜி போன்றவற்றைத் தனிக் கார்டு இல்லாமல் ஓட்டியவர்கள் 5600-ஐப் பொருத்திவிட்டு, திரை வரவில்லை, போர்டு போய்விட்டது என்று கலங்குகிறார்கள். அவர்களுக்கு ஏற்றது கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய 5600ஜி.

இனி இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு. இன்டெல் 1700 சாக்கெட்டில் 12, 13, 14 என மூன்று தலைமுறைகள் உண்டு. 14 என்பது பெரும்பாலும் 13-ஐயே சற்று வேகம் கூட்டியது. அந்த சாக்கெட்டின் வழி அதோடு முடிந்தது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசை வந்தபோது சாக்கெட் 1851 ஆகிவிட்டது. ஆகவே 1700 போர்டை மலிவு கருதி வாங்கலாம், எதிர்காலம் கருதி வாங்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகை பிராசசர் வாங்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றில் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயாஸ் வழியாகத் தந்தது. அந்தத் திருத்தம் இனி வரும் பாதிப்பைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைச் சரிசெய்யாது.

ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 7000, 8000ஜி, 9000 வரிசைகள் அதில் ஓடுகின்றன. 2027-க்கும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி 2024-இல் அறிவித்தது. இன்று கிடைப்பவற்றில் நம்பத்தகுந்த வழி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த வாக்குறுதி சாக்கெட்டுக்குத்தானே தவிர, நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட போர்டுக்கு அல்ல. அந்த போர்டுக்கு பயாஸ் எழுதித் தர வேண்டியது அதைத் தயாரித்த நிறுவனம். எனவே பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் பின்பக்கம் இருக்கிற போர்டைத் தேர்ந்தெடுங்கள். 2023-இல் தயாரித்து அலமாரியில் கிடந்த பி650 போர்டில் 9000 வரிசை பிராசசரைப் போட்டால் திரை வராமல் போகலாம், அப்போது கைகொடுப்பது அந்தப் பொத்தான். பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும், கோப்பின் பெயரையும் கையேட்டில் சொன்னபடியே மாற்ற வேண்டும். ஃப்ளாஷ்பேக் நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

பட்டியலில் பெயர் இருப்பதும் நன்றாக ஓடுவதும் வேறு வேறு. பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் மேல், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இல்லாத எச்610 என்ற 1700 சாக்கெட் போர்டின் பட்டியலிலும் ஐ9-14900கே இருக்கும். அந்த பிராசசர் 253 வாட் வரை இழுக்கும், நம் கோடையில் அந்த போர்டு சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். 117 வாட்டுக்குள் அடங்கும் ஐ5-12400-க்கு அதே போர்டு தாராளமாகப் போதும். ரேம் வகையையும் பார்க்க வேண்டும்: ஏஎம்5, 1851 இரண்டும் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். டிடிஆர்4-க்கும் அதே 288 முனைகள்தான், ஆனால் நடுப் பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் உள்ளே இறங்காது.

ஏழெட்டு ஆண்டு ஒரே கணினியை மாற்றாமல் ஓட்டுபவர்கள் நாளைய பிராசசருக்காக இன்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. அந்தப் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடட்டும்.

சென்னை ரிச்சி தெரு முதல் சிற்றூர்க் கடைகள் வரை கணினி விற்போருக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் 'மதர்போர்டு - 1' என்று எழுதுவதை நிறுத்தி, முழு மாடல் பெயர், பதிப்பு எண், விற்ற அன்று இருந்த பயாஸ் எண் ஆகிய மூன்றையும் எழுதித் தாருங்கள். ஏஎம்5, இன்டெல் போர்டுகளின் சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் அனுப்பினால் வாரண்டியில் எடுக்க மறுக்கக்கூடும்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பணியாளர்,
மதுரை