உடற்கல்வி ஆசிரியர்களுக்கு: சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்

அன்புள்ள உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் உடம்பு வில்லாக வளைகிற நாலைந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். "உனக்கு இது வராதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

38 வயதில் படியில் கால் தவறி விழுந்தேன். பயத்தில் கையை விறைப்பாக நீட்டி ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியபின் பெரியவர்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்கக் குட்டிக்கரணம் மட்டும்தான்.

தாடையை நெஞ்சோடு ஒட்டு, முதுகைப் பந்தாகச் சுருட்டு, பாரத்தைக் கைகளில் வாங்கு, உச்சந்தலை தரையில் படாமல் தோளில் உருண்டு, கை ஊன்றாமல் எழு. இவ்வளவுதான். ஆனால் இதற்குள் கையின் பலம், வயிற்றுத் தசையின் பிடிப்பு, தலைகீழானாலும் திசை தப்பாத நிதானம் எல்லாம் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, விழும்போது உடம்பைச் சுருட்டி உருளத் தெரிகிறது. பத்து வயதில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம் அது.

ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் 1896-இல்தான் வந்தது. அதற்கு வெகுமுன்பே, 1813-இல், ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் இதற்கென்றே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். உடம்பின் எல்லாப் பாகமும் சமமாக வளர வேண்டும், நோயாளிக்கும் உடற்பயிற்சி உதவ வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பதக்கம் பிறகு வந்து சேர்ந்தது. பதக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்காக மற்ற பிள்ளைகளை ஒதுக்குவதுதான் வலிக்கிறது.

கருவி இல்லை என்பீர்கள். போட்டிக்கான சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர். அதே அகலத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் போதும், வகுப்பே நடக்கலாம். உருளுவதற்கு மெத்தென்ற ஒரு விரிப்பு. அப்புறம், கால் விரிக்க வைக்கும்போது தயவுசெய்து தோளைப் பிடித்து அமுக்காதீர்கள். பிள்ளை அழுதால் நிறுத்துங்கள். தசை தானாக இளகட்டும், மாதக்கணக்கானாலும் சரி.

அடுத்த வகுப்பில் சுவரோரம் இருக்கிற பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள். தாடை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மீதியை அவள் உருண்டு பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
தாமதமாகக் குட்டிக்கரணம் கற்ற ஒருத்தி