பிராட்வெல்லில் உதவியவர்களுக்கு நன்றி

அங்கேயே வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தோம், ஆனால் அது போதவில்லை, அதனால் இங்கேயும் எழுதுகிறேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரையில் பிராட்வெல்-ஆன்-சீ என்ற சின்ன ஊரில் இருக்கும் புனித பேதுரு சிற்றாலயத்தை அம்மாவுக்குக் காட்ட முடிந்தது முழுக்க மற்றவர்கள் தயவால்தான்.

முதலில், சவுத்மின்ஸ்டரோடு ரயில் நின்றுவிடும், காரிலேயே போய்விடுங்கள் என்று சொன்ன நண்பர்களுக்கு. காரை நிறுத்திய பிறகும் அரை மைல் போல மண்பாதை, ரோமானியர் காலத்துத் தடம். ஈர மண்ணில் அம்மாவின் சக்கர நாற்காலி சிக்கி நின்றபோது, நாயோடு நடந்து வந்த ஒரு தம்பதி நாங்கள் கேட்காமலே ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி, ஆலய வாசல் வரை கூடவே வந்தார்கள். அவர்களை எப்படி மறப்பது?

உள்ளே எங்களுக்கு எல்லாம் விளக்கிய பெரியவருக்குத் தனி நன்றி. 654 வாக்கில் செட் என்ற துறவி வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்திலிருந்து கடல் வழியாக வந்து, ஒதோனா என்ற ரோமானியக் கோட்டை இடிபாட்டின் கல்லையும் செங்கல்லையும் எடுத்துக் கட்டிய ஆலயம் இது. அதைச் சொன்னதோடு நிற்காமல் அம்மாவின் கையைப் பிடித்து அந்தச் செங்கல் ஒன்றைத் தொடவும் வைத்தார். பக்கச் சுவரில் பெரிதாக அடைத்த தடம் தெரிகிறதே என்று கேட்டேன். பல காலம் இது தானியக் கிடங்காக இருந்ததாம், வண்டி போய்வர உடைத்த வழி அது. 1920ல்தான் சீர்செய்து மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார்கள். கிடங்காக்கிவிட்டார்களே என்று சிலர் வருத்தப்படலாம், எனக்கோ அந்த விவசாயிகளுக்கும் நன்றி சொல்லத் தோன்றியது, ஆள் புழங்கியதால்தானே கட்டடம் நின்றது!

பலிபீடத்தைத் தாங்கும் தூணில், செட்டின் துறவு மரபோடு தொடர்புள்ள மடங்கள் இருந்த லிண்டிஸ்ஃபார்ன், அயோனா, லாஸ்டிங்ஹாம் மூன்று இடத்துக் கற்களும் பதித்திருக்கிறார்கள். செட் 664ல் கொள்ளைநோயில் இறந்தது லாஸ்டிங்ஹாமில். அம்மா அந்தக் கதையை மறுபடி கேட்டார், பெரியவரும் கொஞ்சமும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார்.

அப்புறம், திரும்பும் வழியில் அம்மா களைத்திருப்பதைப் பார்த்துத் தன் வீட்டு வாசலிலேயே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த ஊர்க்கார அம்மாவுக்கும் மிக்க நன்றி.

வயதானவர்களை அழைத்துப் போக நினைப்பவர்கள் மழை பெய்யாத வாரமாகப் பார்த்துப் போங்கள். வழி வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.