பாடநூலில் உள்ள கட்டளையை மாணவர் தம் கையால் இட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் கடைசிப் பாடம், பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் தொகுப்பை, அதாவது பிறர் முன்பே எழுதிவைத்த நிரல்களின் கட்டைப் பற்றியது. அத்தொகுப்பைப் பிப் என்னும் தொகுப்பு மேலாளர் (தொகுப்புகளை இறக்கி நிறுவித் தரும் மென்பொருள்) வழியாக நிறுவுவதற்கான கட்டளையும் அதில் அச்சிடப்பட்டுள்ளது. பைத்தான் தொகுப்புகளின் மேலாளர் எது என்று பாட இறுதியில் ஒரு மதிப்பெண் வினாவும் உண்டு. அதற்கு என் மாணவர்கள் தவறாமல் விடை எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டளையை ஒருமுறையேனும் தம் கையால் தட்டச்சு செய்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியரோ, கணினி பழுது பார்க்க வருபவரோ எல்லாக் கணினிகளிலும் வேண்டியவற்றை நிறுவி வைத்துவிடுவதும், மாணவர்கள் வந்து நிரலை மட்டும் எழுதிவிட்டுப் போவதும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இவ்வழக்கம் மாற வேண்டும் என்று வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, உபுண்டு என்னும் இயக்க அமைப்பில் இயங்கும் எங்கள் ஆய்வகக் கணினிகளில் நிறுவும் பணியை மாணவர்களிடமே விட்டேன். நூலில் உள்ளபடியே ஒரு மாணவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' என்று தட்டச்சு செய்தார். தொகுப்பு இறங்கவில்லை, இந்தப் பைத்தான் வேறொன்றின் பொறுப்பில் உள்ளது என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்தது. அவர் உடனே இணையத்தில் தேடி, கட்டளையின் இறுதியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற சொற்களைச் சேர்த்தால் போதும் என்று யாரோ எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, அதையும் தட்டச்சு செய்துவிட்டார். என்டர் விசையை அழுத்துவதற்குள் தடுத்து, அந்தச் சொற்களைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "இயக்க அமைப்பின் தொகுப்புகள் உடைந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அவராகவே கையை எடுத்துக்கொண்டார்.

பாடநூல் வந்த காலத்தில் அந்தக் கட்டளை சரியானதே. ஆனால் 2023-இல் வெளிவந்த டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய இயக்க அமைப்புகளிலிருந்து நிலைமை மாறிவிட்டது. இவ்வமைப்புகளின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை; அவற்றுக்கு வேண்டிய தொகுப்புகளை நிறுவிப் பராமரிப்பது ஏபிடி என்னும் மேலாளர். அதே பைத்தானுக்குள் பிப்பும் தன் போக்கில் தொகுப்புகளைக் கொண்டுவந்து வைத்தால், ஒன்று வைத்தது மற்றொன்றின் கணக்கில் இராது. ஒரு நாள் ஏதேனும் ஒரு கருவி திறக்காமல் போகும். அதைத் தவிர்க்கவே இந்தத் தடை. இதற்கு நேர்வழிகள் இரண்டு. 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-மேட்பிளாட்லிப்' என்று (சூடோ என்பது நிர்வாகி உரிமையுடன் இயக்கச் சொல்வது) இயக்க அமைப்பின் தொகுப்புகள் வைக்கப்பட்டுள்ள இணையக் களஞ்சியத்திலிருந்தே பெறலாம். அல்லது மெய்நிகர் சூழல் எனப்படும் தனிக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் பிப்பை இயக்கலாம். இந்த விளக்கத்துக்குப் பாடநூலின் அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

அன்று ஏபிடி கட்டளையை இட்டதும் திரையில் வந்ததை வகுப்பு முழுவதும் நின்று படித்தோம். கூடுதலாக நிறுவப்படும் தொகுப்புகள் என்று ஒரு நீண்ட பட்டியல். அதில் நம்பை, சைக்ளர், கிவிசால்வர், ஃபான்ட்டூல்ஸ் என அதுவரை கேட்டிராத பெயர்கள். அவற்றின் கீழே இறக்க வேண்டிய அளவும், வட்டில் அவை பிடிக்கப்போகும் இடமும். கடைசியில், தொடரலாமா என்ற கேள்வி. "நான் ஒன்றைத்தானே கேட்டேன் மிஸ், இவ்வளவும் ஏன் வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டார். ஒரு மென்பொருள் தனித்து நிற்பதில்லை, வேறு பலர் எழுதிய தொகுப்புகளைச் சார்ந்தே நிற்கிறது என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி ஒருமுறையும் எழுந்ததில்லை. ஆயத்தமாக நிறுவித் தந்த கணினி மாணவர்களிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான்.

தொகுப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பதையும் அப்போதே சொல்லித்தர வேண்டும். டெபியனின் களஞ்சியத்தில் ஒரு தொகுப்பு இடம்பெற வேண்டுமானால், அத்திட்டத்தின் பராமரிப்பாளர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். களஞ்சியத்தின் பட்டியலில் உள்ள மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஏபிடி அதை நம்புகிறது. பிப் நாடும் பைபிஐ களஞ்சியமோ, கணக்கு வைத்துள்ள எவரும் தம் தொகுப்பை ஏற்றக்கூடிய பொது இடம். 2019 டிசம்பரில் அங்கிருந்து இரண்டு போலித் தொகுப்புகள் நீக்கப்பட்டன. ஒன்று, ஜெல்லிஃபிஷ் என்ற உண்மைத் தொகுப்பின் பெயரில் ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்துக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' எழுத்தை வைத்து ஏமாற்றியது. ஏறத்தாழ ஓராண்டு அது அங்கேயே இருந்தது. மற்றொன்றின் பெயர் பைத்தான்3-டேட்யூடில். நிறுவியவரின் கணினியில் உள்ள இரகசியச் சாவிகளை (கடவுச்சொல் போலப் பயன்படும் கோப்புகளை) திருடி அனுப்புவதே இவற்றின் நோக்கம். டேட்யூடில் என்பது மேட்பிளாட்லிப் சார்ந்திருக்கும் தொகுப்புகளுள் ஒன்று. டெபியன் களஞ்சியத்தில் அதன் உண்மையான பெயரே பைத்தான்3-டேட்யூடில் தான்; பைபிஐ களஞ்சியத்திலோ 'மூன்று' இல்லாத பெயரே உண்மையானது. ஒரே பெயர் ஓரிடத்தில் மெய்யாகவும் இன்னோரிடத்தில் பொய்யாகவும் இருந்திருக்கிறது. இதை விளக்கிய நாளிலிருந்து, கட்டளையை இட்ட பிறகு என்டர் விசையை அழுத்துமுன் என் மாணவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

கட்டளை வரி பழைய முறை, சுட்டியால் சொடுக்கி நிறுவுவதே எளிது என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடுபொறியில் பெயரைத் தட்டி, முதலில் வரும் தளத்தில், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் 'டவுன்லோட்' பொத்தானை அழுத்தும் பழக்கத்தால், எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினியை முழுவதுமாக அழித்துவிட்டு மீண்டும் இயக்க அமைப்பை நிறுவ நேர்ந்தது.

தமிழ்வழி மாணவர்களைத் தயங்க வைப்பது கட்டளை அன்று, அதற்குப் பதிலாக வரும் ஆங்கிலச் செய்தி. அது கடக்க முடியாத தடையும் அன்று. அடிக்கடி வரும் செய்திகள் பத்துக்குள் அடங்கிவிடும். 'பெர்மிஷன் டினைட்' என்றால் அனுமதி இல்லை. பெரும்பாலும் முன்னால் சூடோ விடுபட்டிருக்கும். 'அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்றால் அந்தப் பெயரில் தொகுப்பு இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், அல்லது 'ஏபிடி அப்டேட்' கொடுத்துப் பட்டியலைப் புதுப்பிக்காமல் இருக்கலாம். பூட்டைப் பெற முடியவில்லை என்று வந்தால், வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருக்க வேண்டும். இவற்றைத் தமிழில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இப்போது பிழை வந்தால் மாணவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்க்கிறார்கள்.

எல்லாப் பள்ளிகளிலும் இணைய இணைப்பு சீராக இல்லையே என்ற கேள்வி நியாயமானது. 'பிப் டவுன்லோட்' என்ற கட்டளையால் ஒரு தொகுப்பையும் அது சார்ந்த மற்றவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்துவந்து, அதே வகைக் கணினிகளில் இணையமின்றியே நிறுவலாம். ஆய்வகத்தின் ஒரு கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை வைத்தால், ஒருமுறை இறங்கியதை அது சேமித்துக்கொண்டு மற்றக் கணினிகளுக்குத் தந்துவிடும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். பள்ளிக்குச் செலவு இல்லை.

எனவே, செய்முறைப் பயிற்சிகளில் ஒன்றாக, ஒரு தொகுப்பை மாணவரே தேடி, நிறுவி, பதிப்பைச் சரிபார்த்து, பின்னர் நீக்கிக் காட்டும் பயிற்சியைச் சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாடவேளையில் முடிந்துவிடும் பயிற்சி அது. பாடநூல் திருத்தத்துக்குக் காலம் ஆகுமெனில், மேற்சொன்ன இரு வழிகளையும் விளக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கையையாவது இக்கல்வியாண்டின் செய்முறைத் தேர்வுக்கு முன்பு ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.