விளம்பரத்தில் தொடங்குங்கள்

ஆசிரியருக்கு,

கல்லூரியில் பண்பாட்டு ஆய்வுகள் பாடத்தை 'கருத்தியல்', 'மேலாதிக்கம்' என்று வரையறைகளில் தொடங்குவதுதான் கோளாறு. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஞாயிறு நாளிதழ்களின் 'மணமகள் தேவை' பகுதியிலிருந்து இருபது விளம்பரங்களை வெட்டிக் கொடுக்கலாம். (ஆம், உங்கள் இதழிலிருந்தும்தான்!) முதல் வகுப்பில் விளக்கமே வேண்டாம், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணட்டும். 'சாதி தடையில்லை' என்பதற்குப் பக்கத்திலேயே 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்று இருந்தால், அதை அவர்களே பிடித்துவிடுவார்கள். நிறம் பெண்ணுக்கு மட்டும் ஏன் கேட்கப்படுகிறது என்ற கேள்வியும் தானாக எழும்.

அதன் பிறகு, பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் முன்வைத்த, ஊடகம் சொல்வதை நாம் எடுத்துக்கொள்ளும் மூன்று வாசிப்பு நிலைகளைச் சொல்லலாம்: அப்படியே ஏற்பது, பேரம் பேசி ஏற்பது, எதிர்ப்பது. இங்கேதான் வழக்கமான சறுக்கல். மதிப்பெண் வரும் என்று எல்லாருமே தங்களை எதிர்ப்பு வாசகராக எழுதிவிடுவார்கள். 'இந்த விளம்பரத்தில் உங்களுக்கு இயல்பாகத் தோன்றியது எது?' என்று ஒரு பத்தி கட்டாயம் எழுத வைக்க வேண்டும். மேலாதிக்கம் எப்படி நிலைக்கிறது என்பதில் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி ஏன் வன்முறையோடு மக்களின் ஒப்புதலையும் சேர்த்துப் பேசினார் என்பதை அந்தப் பத்தியை வைத்தே விளக்கிவிடலாம்.

- கல்லூரி ஆசிரியர், திருச்சி