பங்கசு (பூஞ்சை)த் தொற்று பற்றிய ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத் தவிர வேறெவரும் பங்கசுத் தொற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. கொழும்பிலிருந்து வெளிவரும் பத்திரிகை இதை அச்சிடலாமா? சுனாமிக்கு அடுத்த மாதங்களில், 2005இல், இதே ஊரில் சிசேரியனுக்காக முதுகில் விறைப்பூசி ஏற்றப்பட்ட தாய்மாருக்கு அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசால் மூளைக்காய்ச்சல் வந்ததும் சிலர் இறந்ததும் தாங்கள் அறியாததல்ல. பிள்ளை பெற வந்தவர்கள் அவர்கள். சரியாகக் களஞ்சியப்படுத்தாத சிறிஞ்சுகள் மீதே சந்தேகம் விழுந்தது. 2012இல் அமெரிக்காவில், முதுகுவலிக்குப் போட்ட ஸ்டீரொய்ட் ஊசிமருந்தில் பங்கசு கலந்து 60 பேருக்கு மேல் மாண்டனர். கிருமி எந்த வழியால் உள்ளே போனது என்பதை விட்டுவிட்டு ஆளின் பலத்தை மட்டும் பார்த்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

இது முதற்தடவையும் அல்ல. 2021இல் 'கறுப்புப் பூஞ்சை' என்று வெங்காயத்தோலின் கறுப்பைப் படம் போட்டீர்கள். அது அஸ்பெர்ஜிலஸ் நைகர். கறுப்புப் பூஞ்சை நோயைத் தருவது மியூக்கர் என்ற வேறு வகைப் பங்கசு. மியூக்கர் நோயில் கறுப்பது, இரத்தக்குழாய் அடைபட்டுச் செத்த திசு. அதற்கு வழிவிடுவது கட்டுப்பாடில்லாத சலரோகம் (நீரிழிவு). அதிலும் இரத்தம் அமிலமாகும்போது இரும்பு கட்டவிழ்ந்து கிருமிக்குக் கிடைக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளைகளின் உடலில் தேங்கும் இரும்பை அகற்றும் டெஸ்ஃபெரியொக்ஸமின் ஊசியிலும் இதே ஆபத்து உண்டு: அம்மருந்து பற்றிப் பிடித்த இரும்பை இந்தப் பங்கசு தனக்கு எடுத்துக்கொள்ளும். அதற்காகப் பெற்றோர் தாமாக ஊசியை நிறுத்தக்கூடாது. முகம் வீங்கினாலோ, ஒரு கண் பிதுங்கினாலோ, மூக்கால் கறுப்பாக வடிந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போய், இந்த ஊசி போடுவதை முதலில் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு வயலில் நிற்பவரின் காலில் முள் குத்திய இடத்தில் வருடக்கணக்காக வளரும் பரு போன்ற தடிப்பும் பங்கசாக இருக்கலாம். இதையெல்லாம் எந்தப் பக்கத்திலும் காணோம்.

இன்னொரு மனக்குறை, வைத்தியசாலைகள் பற்றியது. பரிசோதனைக்கு வெட்டியெடுத்த திசு முழுவதையும், பழுதாகாமல் பதப்படுத்தும் போமலின் திரவத்தில் போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. போமலினில் பங்கசு செத்துவிடும். நுணுக்குக்காட்டியில் இழை தெரியும், ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் எதுவும் முளைக்காது, இனமும் தெரியாது. இரண்டு போத்தல்கள் வேண்டும்: ஒன்றில் போமலின், மற்றதில் திசு காயாத அளவுக்குக் கிருமிநீக்கிய சேலைன் (உப்புநீர்). இரண்டாவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் உடனே அனுப்ப வேண்டும். படிவத்தில் 'பங்கசு சந்தேகம்' என்று எழுதாவிட்டால் ஆய்வுகூடத்தில் வழக்கம்போல் அரைத்துவிடுவார்கள். மியூக்கர் இழையில் குறுக்குச்சுவர் அரிது; அரைத்தால் உடைந்து செத்துப்போகும். சிறு துண்டாக நறுக்கியே வளர்ப்புத் தட்டில் வைக்க வேண்டும். 10 முதல் 20 வீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஒரு துளியைத் திசுவில் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நாடா போன்ற அகன்ற இழைகள் அன்றே தெரியும். முள் குத்திய காலில் வரும் பங்கசோ மெல்ல வளர்வது. தட்டை 4 வாரமாவது வைத்திருக்க வேண்டும்.

இனம் தெரிந்தால்தான் மருந்து தெரியும். அஸ்பெர்ஜிலசுக்கு நல்ல மருந்தான வொரிகொனசோல் மியூக்கரிடம் பலிக்காது. அஸ்பெர்ஜிலசின் சுவர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் கலக்டோமனன் பரிசோதனையும் மியூக்கரைக் காட்டாது. 'இல்லை' என்று வந்த அறிக்கையை நம்பிக் காத்திருந்தால் நாட்கள் வீணாகும். மியூக்கருக்குரிய அம்போடெரிசின் மருந்தையும் 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசலில்தான் கலக்க வேண்டும், சேலைனில் கலந்தால் படிந்துவிடும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுவியல் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கு போய்ச் சேரும் மாதிரி உயிரோடு இருக்க வேண்டாமா?

தங்களிடம் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில், முள் குத்தியது, சலரோகம், இரும்பகற்றும் ஊசி, அண்மையில் முதுகில் போட்ட ஊசி, பாமசியில் தானாக வாங்கிப் பூசிய ஸ்டீரொய்ட் களிம்பு ஆகியவற்றை வைத்தியர் கேட்குமுன்னே அவரிடம் சொல்லும்படி நோயாளர்களுக்கு எழுதுங்கள்.

இங்ஙனம்,
மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.