கடைசி நட்டை இறுக்கியவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் உலகச் செய்திப் பக்கத்தில், ரொக்கெட் ஒன்றின் ஏவுதல் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்ட செய்தி வந்திருந்தது. தலைப்பில் ‘படுதோல்வி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். உள்ளே வாசித்தால், ரொக்கெட் ஏவுதளத்தில் பத்திரமாக நிற்கிறது, கசிவு ஒன்றைக் கண்டு திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் இருக்கிறது. ஆளுக்கும் சேதமில்லை, பொருளுக்கும் சேதமில்லை. பிறகு ஏன் அந்தச் சொல்? மனம் கேட்காமல்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பருத்தித்துறையில் முப்பது வருடங்களுக்கு மேலாக மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். ரொக்கெட்டைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் கரையில் இருந்து நேர் வடக்கே, கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 430 கிலோமீற்றரில் இந்தியாவின் ரொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து பூமியின் துருவங்களுக்கு மேலால் சுற்றுகிற பாதைக்குச் செய்மதி அனுப்பும்போது ரொக்கெட் நேரே தெற்கே வர முடியாது, ஏனென்றால் கீழே நாங்கள் இருக்கிறோம். இலங்கைக்கு மேலால் பறக்காமல் இருக்க, முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகுதான் தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கே எரிபொருள் கூடச் செலவாகிறது. அதனால் இதை யாரோ தூரத்து ஊர்க்காரரின் விஷயம் என்று நினைக்க எனக்கு வருவதில்லை.

2019 யூலை 15 விடியப்புறம் 2.51க்குச் சந்திரயான்-2 கிளம்ப வேண்டும். பேரன் அப்போது தரம் ஆறு. இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் விழித்திருந்தோம். இன்னும் 56 நிமிடமும் 24 செக்கனும் இருக்கும்போது மணிக்கூடு நின்றது. “என்ன அப்பப்பா, பழுதாப் போச்சோ?” என்று கேட்டான். “இல்லையடா, பழுதைப் பிடிச்சிட்டினம். நீ போய்ப் படு” என்றேன். ஒரு கிழமைக்குள் திருத்தி, 22ஆம் திகதி பிற்பகல் 2.43க்கு அதே ரொக்கெட்டை ஏவினார்கள். செப்டெம்பரில் இறங்குகலம் நிலவில் மோதியது வேறு கதை. தோல்வி என்ற சொல்லை அந்த நாளில் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். யூலை 15க்கு அது பொருந்தாது.

எனக்கு மிகவும் பிடித்த இரவு 2022 நவம்பரில் வந்தது. அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ்-1, 98 மீற்றர் உயர ரொக்கெட். ஓகஸ்ட் 29, செப்டெம்பர் 3 என்று இரண்டு தடவை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் தடவை ஐதரசன் நிரப்பும்போது ஏவுமேடையில் ஒரு வால்வு கசியத் தொடங்கியது. ஐதரசன் பொல்லாத சாமான். மூலகங்களில் அதுதான் ஆக இலேசானது, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து வெளியே வந்துவிடும். திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், இறுக்கிவைத்த பூட்டும் இளகும். சாதாரண வெப்பத்தில் சோதிக்கும்போது ஒரு துளி கசியாத வால்வும், குளிர் எரிபொருள் ஏறிய பிறகு கசிவதற்கு இதுதான் காரணம். எஞ்சின்காரன் எவனுக்கும் இது விளங்கும். கராச்சில் நல்லாக நிற்கிறது கடலில் சூடேறினதும் இளகும்.

சரி, என்ன செய்தார்கள்? மூன்று பேரை அனுப்பினார்கள். இப்படியான வேலைக்கென்றே பயிற்றப்பட்ட சிவப்புக் குழு என்று அவர்களுக்குப் பெயர். இருபது இலட்சம் லீற்றருக்கு மேல் பிடிக்கிற ஐதரசன் தாங்கி தலைக்கு மேலே. சுற்றிலும் வேறு ஆளில்லை, எல்லோரும் பல கிலோமீற்றர் தள்ளி. குளிரில் ரொக்கெட் முறுகிச் சத்தம் போடுகிறது, ஆவி சீறுகிறது. அதற்கு உயிர் இருப்பது போல இருந்தது என்று போனவர்களில் ஒருவர் பிறகு சொன்னார். மேடைக்குள் போய், கையால் அந்த வால்வின் நட்டுகளை இறுக்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள். கசிவு நின்றது. அதே இரவில் ராடார் நிலையம் ஒன்றில் வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றும் பழுதாகி, அதையும் மாற்ற வேண்டி வந்தது. நேரம் பிந்தினாலும் நவம்பர் 16 அதிகாலை 1.47க்கு ரொக்கெட் எழும்பியது.

அந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் வந்ததா என்று தேடித் தேடிப் பார்த்தேன். நெருப்புப் படம் வந்தது. நட்டு இறுக்கினவர்களைப் பற்றி என் கண்ணில் ஒரு வரிகூடப் படவில்லை. 1969இல் சந்திரனுக்கு மனிதரை ஏற்றிப்போன அப்பல்லோ-11 கிளம்பும் காலையிலும், கசிந்த ஐதரசன் வால்வு ஒன்றின் போல்ட்டுகளை இப்படித்தான் ஏவுகோபுரத்தில் ஆள் நின்று இறுக்கினார்கள். அதுவும் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாக் கசிவையும் நின்ற இடத்தில் திருத்த முடியாது. 2013 ஓகஸ்ட் 19, ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் ஜிஎஸ்எல்வி-டி5 ரொக்கெட் கிளம்ப 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தின் தாங்கியில் கசிவு. அதே வகை ரொக்கெட் 2010இல் இரண்டு தடவை கடலில் விழுந்திருந்தது. முழு நாடும் பார்த்துக்கொண்டிருக்க, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நிறுத்தினார்கள். எரிபொருளை இறக்கி, ரொக்கெட்டைத் திருப்பிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய், வேறு அலுமினியக் கலப்புலோகத்தில் செய்த தாங்கியோடு இரண்டாம் கட்டத்தைப் புதிதாகப் பூட்டினார்கள். 2014 சனவரி 5இல் இந்தியா தானே செய்த, கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடுகிற எஞ்சினோடு அது செய்மதியைச் சரியான பாதையில் விட்டது. நாலரை மாதம் போனது. அந்த நாலரை மாதத்தில்தான் வேலை நடந்தது.

தொட்டுப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2003 செப்டெம்பர் 6, கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சாலை. வானிலைச் செய்மதி ஒன்றை வண்டி ஒன்றில் நிறுத்தி மெல்லச் சரிக்கிறார்கள். சரிக்கச் சரிக்க அது வழுக்கி நிலத்தில் விழுந்தது. அடியில் பூட்டியிருக்க வேண்டிய 24 போல்ட்டுகள் இல்லை. வேறொரு குழு தன் வேலைக்காகக் கழற்றியது, எழுதி வைக்கவில்லை. அன்று நின்றவர்களோ பழைய பதிவை நம்பினார்களே தவிர, ஓட்டைகளைக் குனிந்து பார்க்கவில்லை. அந்தச் செய்மதி திருத்தப்பட்டு வானத்துக்குப் போக 2009 ஆகிவிட்டது.

எனக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மாதம், விடிய மூன்று மணி. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு வள்ளத்தின் எஞ்சினைக் கடைசியாகத் தடவிப் பார்க்கிறேன். எண்ணெய்க் குழாய் பூட்டுகிற கிளிப்பின் அடியில் ஈரம். கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் மணம் எங்கும் இருப்பதால் மூக்கும் உதவாது, விரல்தான் சொல்ல வேண்டும். விரல் சொன்னது. “அண்ணை, மற்ற வள்ளமெல்லாம் போட்டுது, வந்து பாப்பம்” என்றார் சொந்தக்காரர். நானும் சரி என்றேன். அவருடைய மனைவி மத்தியானத்தில் இருந்து கரையில் நின்றார். பொழுதுபடத்தான் இன்னொரு வள்ளம் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. இறங்கியவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால்தான் சலெஞ்சர் விண்ணோடத்தை நினைத்தால் எனக்கு உடம்பு பதறும். 1986 சனவரி 27, கதவின் கைபிடியில் ஒரு போல்ட் இறுகிக் கழற்ற முடியாமல், துளைக்கும் கருவியின் மின்கலமும் இறங்கிப்போய், இரும்பு வாளால் அறுத்து எடுத்தார்கள். அதற்குள் காற்று மாறி, ஏவுதல் அன்று கைவிடப்பட்டது. உலகமே அலுத்துக்கொண்டது. அன்று இரவு கடுங்குளிர். 12 பாகைக்குக் கீழே ஏவ வேண்டாம், இணைப்புகளில் உள்ள இறப்பர் வளையங்கள் விறைத்துவிடும் என்று பொறியியலாளர்கள் மன்றாடினார்கள். காலையில் 2 பாகை அளவுதான் இருந்தது. ஏவினார்கள். 73ஆவது செக்கனில் ஏழு பேரும் போனார்கள், அதில் ஒருவர் பாடசாலை ஆசிரியை. முதல் நாள் நின்றதைப் பரிகசித்த அத்தனை தலைப்புகளும் அந்த அவசரத்தில் ஒரு பங்கு என்பதே என் எண்ணம்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு வந்து பாருங்கள். மாதக்கணக்கில் கட்டின பட்டம் எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தால், இறக்கி, முச்சையை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டை, அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறார்கள். மூன்று தரம், நாலு தரம்கூட இறக்குவார்கள். சனம் வெயிலில் பொறுமையாக நிற்கிறது, ஒருவர்கூடத் தோல்வி என்று சொல்வதில்லை. பட்டத்தில் பூட்டின விண், அந்தக் காற்றில் ஒலிக்கிற நார், கூவத் தொடங்கும்போது கைதட்டுகிறார்கள். எங்கள் சனத்துக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும் ஐயா. உங்கள் தலைப்புக்குத்தான் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த முறை ஒரு ஏவுதல் நின்றால் ‘ஒத்திவைப்பு’ என்று போடுங்கள். எந்த வால்வு, என்ன பழுது, யார் போய் எப்படித் திருத்தினார்கள் என்று கீழே நாலு வரி எழுதுங்கள். திருத்தி முடித்து அது பறந்த நாளில், அந்தச் செய்தியையும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பேரன் இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். உங்கள் விண்வெளிச் செய்திகளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வருகிறான். போன வாரத்துச் செய்தியையும் ஒட்டியிருக்கிறான், தலைப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு.

இப்படிக்கு,
வள்ள எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
பருத்தித்துறை.