கல்யாணத்துக்கு அந்தப் பச்சைக் கோட்டோடேயே வா

அன்புள்ள முகிலனுக்கு,

தை மாதம் மாமா மகள் திருமணத்துக்கு வரும்போது லண்டனில் உடுத்துவதைப் போலவே உடுத்தலாமா, அல்லது இங்கே இருக்கும் சில நாள்களுக்கு மட்டும் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக இருந்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் நிம்மதியா என்று கேட்டிருந்தாய். "உன் இஷ்டம்" என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது முடிவையும் அதன் பாரத்தையும் உன் தலையில் வைத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வதாக இருக்கும். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. நீ உன் உடையிலேயே வர வேண்டும். அதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய படங்களை உன் தாயாக மட்டும் நான் பார்க்கவில்லை; பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவளாகவும் பார்த்தேன். பச்சை வெல்வெட் கோட்டின் அகன்ற காலரையும், இடுப்பைப் பிடித்தாற்போன்ற வெட்டையும், முதுகுப்புறத்தில் நீளமாக விட்டிருக்கும் பிளவையும் கண்டவுடனேயே அது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்று தோன்றியது. வெல்வெட்டை வெட்டுவது சாதாரண வேலை அன்று. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டாவிட்டால், தைத்து முடித்தபிறகு ஒரு கை கறுத்தும் மறு கை வெளுத்தும் தெரியும். அப்படி ஒரே திசையில் வெட்டினால் துணி அதிகம் செலவாகும். உன் கோட்டில் இரண்டு கைகளும் மார்புப் பகுதியும் ஒரே நிறமாக இருக்கின்றன. வெட்டியவர் துணியை மிச்சம்பிடிக்க எண்ணாதவர், தொழில் தெரிந்தவர். பெயர் தெரியாத அந்தக் கைவேலைக்காரரின் உழைப்பு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவருடைய தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறது என்பதே, பழைய உடைகளைத் தேடி வாங்கும் உன் பழக்கத்தின்மேல் எனக்கு மதிப்பு ஏற்பட முதற்காரணம்.

நீ வாழும் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. 1960களில் போர்ட்டபெல்லோ சாலையில் 'ஐ வாஸ் லார்ட் கிச்சனர்ஸ் வேலட்', அதாவது 'நான் கிச்சனர் பிரபுவின் பணியாளாக இருந்தேன்' என்ற பெயரில் ஒரு கடை இருந்தது. பழைய ராணுவச் சீருடைகள் அங்கே விற்பனைக்குக் கிடைத்தன. கிச்சனர் 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்தவர். சரிகைக் கயிறும் பித்தளைப் பொத்தானும் வைத்து, பார்ப்பவர் நடுங்க வேண்டும் என்பதற்காகவே தைக்கப்பட்ட அந்தக் கோட்டுகளை, முடியை நீளமாக வளர்த்த இளைஞர்கள் வாங்கி, மணிமாலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு இசை நிகழ்ச்சிகளுக்குப் போனார்கள். கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் புகழ்பெறச் செய்த குதிரைப்படைக் கோட்டும் அந்த வகைதான். ஒரு பேரரசின் மிரட்டல் முழுவதும் தைத்துச் சேர்க்கப்பட்டிருந்த உடையில் ஒரு நூலைக்கூடப் பிரிக்காமல், அதை அணியும் ஆளையும் இடத்தையும் மாற்றியே அதன் மிரட்டலைப் போக்கி, அழகை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஆளப்பட்ட நாட்டில் பிறந்த எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை, பெரிய காரியமாகவே தோன்றுகிறது. பழைய உடையை இன்று உடுத்துவது பழங்காலத்துக்கு ஏங்குவது என்று யாராவது சொன்னால், இந்தக் கோட்டுகளை அவர்களுக்கு நினைவூட்டு.

சாம்பல் நிற மேலாடை ஒன்றின் உட்புறத்தில் 'சிசி41' என்ற முத்திரை இருக்கிறதே, அது என்ன என்றும் ஒருமுறை கேட்டாய். இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1941 ஜூன் முதல் 1949 வரை, பிரிட்டனில் துணிக்குப் பங்கீட்டு முறை இருந்தது. அரசு வகுத்த திட்டத்தின்படி நெய்து தைத்த பொருள்களுக்கு இட்ட முத்திரை அது. எத்தனை பை, எத்தனை பொத்தான், எத்தனை மடிப்பு என்று எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். ஆண்களின் காற்சட்டையில் கணுக்கால் பக்கம் வைக்கும் மடிப்பைக்கூடச் சில காலம் தடுத்திருந்தார்கள். அத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் அந்த மேலாடையின் தோள் எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள். 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் கெஜம் கெஜமாகத் துணியை விட்டுப் பாவாடை தைத்துக் காட்டியபோது, மகிழ்ந்தவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. பஞ்சத்தில் இருந்த ஊருக்கு மிகுதியைக் காட்டினால் இரண்டும்தான் நடக்கும். உன் அலமாரியில் இந்த இரண்டு காலங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

அடுத்து, கேம்ப் என்று நீங்கள் சொல்லும் பாணி. உன் அத்தை அதைக் கோமாளி வேடம் என்கிறாள். நான் அதை ஏற்கவில்லை; அவளிடமே சொல்லிவிட்டேன். சூசன் சான்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1964இல் இதைப் பற்றி 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார். மிகையையும் செயற்கையையும் விரும்புகிற ரசனை இது என்று விளக்கியவர், அந்த ரசனையின் அடியில் இருப்பது ஏளனம் அன்று, ஒருவகை அன்பு என்றும் சொன்னார். பின்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அட்டைச் சுவர் ஆடும் பழைய திகில் படங்களையும், ஊரார் மறந்துபோன நடிகைகளின் கண்மையையும், யாரும் சீந்தாத வண்ணத்தையும் நீ கொண்டாடும்போது சிரிக்கத்தான் செய்கிறாய். ஆனால் அந்தச் சிரிப்பில் இளக்காரம் இருந்ததை நான் பார்த்ததில்லை. முழு மனத்தோடு முயன்று தோற்ற ஒன்றை மதித்து எடுத்து வைத்துக்கொள்ள நல்ல உள்ளம் வேண்டும்.

அந்த ஜிகினாவுக்குப் பின்னால் எவ்வளவு அபாயம் இருந்தது என்பதையும் நீ மறக்கக் கூடாது. 1870இல் எர்னஸ்ட் போல்டன், ஃபிரெடரிக் பார்க் என்ற இரண்டு இளைஞர்கள் பெண்களின் உடையில் லண்டனில் நாடகம் பார்க்கப் போனதற்காகக் கைதானார்கள். மறுநாள் காலையில், முந்தைய இரவு அணிந்திருந்த அதே உடையிலேயே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 1871இல் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தாலும், அந்த அவமானம் நடந்தது நடந்ததுதான். அதன்பிறகு நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, 1967 வரையில், ஆணும் ஆணும் நேசிப்பது இங்கிலாந்தில் குற்றமாகவே இருந்தது. அந்த நாள்களில் தங்களுக்குள் மட்டும் புரியும் 'பொலாரி' என்ற குழூஉக்குறிப் பேச்சும், கழுத்தில் கட்டும் ஒரு பட்டுத்துணியும், கையசைவும்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள உதவின. நம் நாட்டில் இதையே குற்றமாக்கியிருந்த 377ஆம் சட்டப் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கியது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். நீ யாரை நேசிக்கிறாய் என்பதை என்னிடம் முன்பே சொல்லிவிட்டாய். அதனால் இதை நான் சுற்றி வளைக்காமல் எழுத முடிகிறது. உன் சட்டையின் சுருக்கங்களும் மார்பில் குத்தும் புரூச்சும் வெறும் அலங்காரம் அல்ல என்பதை நான் அறிவேன்.

நீ வேடம் அணிந்து போகும் அந்த நள்ளிரவுப் படத்தைப் பற்றியும் தேடிப் படித்தேன். 1973 ஜூனில் ராயல் கோர்ட் தியேட்டரின் மாடியில், அறுபது பேர் அளவுக்கே இடமிருந்த சிறிய அரங்கில், ராக்கி ஹாரர் நாடகமாகத் தொடங்கியிருக்கிறது. 1975இல் படமாக வந்தபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டபிறகு, வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்து, பாத்திரங்களைப் போலவே உடுத்தி, வசனத்துக்கு எதிர்வசனம் சொல்லி, திருமணக் காட்சியில் அரிசி வீசி, அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். விமர்சகர்களும் விநியோகஸ்தர்களும் கைவிட்ட படத்தைத் தையலூசியும் பசையும் வைத்திருந்த ரசிகர்கள் வாழவைத்துவிட்டார்கள். ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடுவதைக் கல்ட் என்று நீங்கள் சொல்வதில் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பார்த்துவிட்டு எழுந்து போகாமல், வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டு மறுபடியும் வருகிறார்களே, அந்த ஈடுபாடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட என் மனத்தில் தங்கியது டிவைன் என்ற நடிகரின் வாழ்க்கை. பால்ட்டிமோர் நகரத்து இயக்குநர் ஜான் வாட்டர்ஸின் படங்களில் நடித்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட். கண்ணுக்கு மேல் இன்னும் வண்ணம் தீட்ட இடம் வேண்டும் என்பதற்காக ஒப்பனைக் கலைஞர் வேன் ஸ்மித் அவருடைய முன்தலை முடியைப் பாதி மண்டைவரை மழித்துவிட்டார். புருவம் வானத்தைத் தொடும் அந்த முகத்தைப் படத்தில் பார்த்தபோது முதலில் திடுக்கிட்டேன். நெடுநேரம் பார்த்தபிறகு, அதில் ஒரு கோடுகூடக் கவனமின்றிப் போடப்படவில்லை என்பது விளங்கியது. அவர் பல ஆண்டுகள் பெற்றோருடன் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். 1980களின் தொடக்கத்தில்தான் அவர்கள் மறுபடியும் ஒன்றுசேர்ந்தார்கள். 1988 மார்ச் மாதம், பெரிய வெற்றி ஒன்று கைக்கு வந்திருந்த சில நாள்களிலேயே, 42 வயதில் அவர் உறக்கத்தில் இறந்துபோனார். அவருடைய தாய் பிரான்சிஸ் மில்ஸ்டெட் பிற்காலத்தில் தம் மகனைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தத் தாய்க்குத் திரும்பக் கிடைத்தவை ஏழெட்டு ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முன்னால் போன ஆண்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு நாளைக்கூட நான் இழக்க விரும்பவில்லை. கல்யாண வீட்டில் யாரோ முகம் சுளிப்பார்கள் என்பதற்காக நீ வேறொருவனாக உடுத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றால், நீ வந்திருந்தும் நான் உன்னைப் பார்க்காதது போலத்தான்.

முகம் சுளிக்கப் போகிறவர்களும் நம்மவர்களே. உன் பெரிய தாத்தா காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை விடியவிடியப் பார்த்தவர்களின் பிள்ளைகள்தாம் அவர்கள். ராஜபார்ட்டு வெல்வெட்டும் ஜரிகையும் ரோஸ் பவுடருமாக வந்தால் ஊரே எழுந்து நின்றது; ஸ்திரீபார்ட்டு போட்ட ஆண்களின் நடையை ரசித்துப் பேசினார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராகவே நடித்தார். மேடையில் கைதட்டி வரவேற்றதைத் தெருவில் கண்டால் மட்டும் ஏன் கூசுகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மேடைக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. திரை விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. நீ அந்த விளிம்பைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்திலும் காய்கறிக் கடையிலும் அதே உடையில் நிற்கிறாய். அது அவர்களைத் தொந்தரவு செய்யும், செய்யட்டும். உன் மாமாவிடம் நான் பேசிவிட்டேன். "பையன் வந்தால் போதும் அக்கா" என்றான். மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரவேற்பு மாலைக்குப் பச்சைக் கோட்டு. பந்திக்கும் பகல் சடங்குகளுக்கும் நீ புதிதாக வாங்கியிருக்கும் அந்த மெட்ராஸ் கட்டம் போட்ட கோட்டைப் போட்டுக்கொள். பருத்தி என்பதால் அவ்வளவாகப் புழுங்காது. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தேடித் தேடி வாங்கிய துணி அது. நம் பக்கத்துக் கைத்தறியில் நெய்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் குறையையே உயர்வாக்கி, சாயம் போவது உறுதி என்று விளம்பரம் செய்து விற்றார்கள். குளிர்ந்த நீரில் தனியாக அலசு. ஊறவைக்காதே, வெயிலில் உலர்த்தாதே.

பெட்டி கட்டுவதற்கு முன் இன்னும் சிலவற்றைக் கவனி. ரேயான் சட்டைகளை ஈரத்தோடு முறுக்கிப் பிழியாதே. நனைந்த ரேயான் வலுவிழந்து கிழியும். வெல்வெட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதே; குளியலறையில் வெந்நீர் ஆவியில் சிறிது நேரம் தொங்கவிட்டால் போதும், சுருக்கம் தானாக நீங்கும். பழைய பட்டில் நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால் அதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது, இழையே மக்கிவிட்டது என்று பொருள். அதை உடுத்தாமல் மடிப்பில்லாமல் வைத்துவிடு. சட்டையின் அக்குள் பகுதியில் உள்ளே ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்துக்கொள். நம் ஊர் வியர்வைக்கு ஐம்பது வயதுத் துணி தாங்காது. நீயே தைத்துப் பார். லண்டனில் அத்தனை பேரையும் வாய்பிளக்க வைத்த மேடைக் கலைஞர் லீ பவரி தன் விசித்திர உடைகளைத் தானே உட்கார்ந்து தைத்தவர்தான்.

படத்தில் பச்சைக் கோட்டின் லைனிங் இடது கைக்குழியருகே பிரிந்திருப்பது தெரிகிறது. அங்கே யாரிடமும் கொடுக்க வேண்டாம், நான் மாற்றித் தருகிறேன். கைக்குழியின் சுற்றளவு, தோள் முதல் மணிக்கட்டு வரை உள்பக்க நீளம், முதுகின் அகலம் மூன்றையும் அங்குலத்தில் எழுதி இந்த வாரமே அனுப்பு. லைனிங்குக்கு ஊதா நிறம் வேண்டுமா, தங்க நிறம் வேண்டுமா என்பதையும் சொல். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் இரண்டுமே நல்ல சாட்டினில் இருக்கிறது. எனக்கு ஊதாதான் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா